லேபிள் இல்லாத ட்ரைலோபைட்: பெயரையும் பாறையையும் கண்டுபிடிப்பது எப்படி?



சிவில் டிபார்ட்மென்ட் ஜியாலஜி லேப் பக்கம் போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அலமாரியில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கிரானைட், நைஸ் எல்லாம் பேர் ஒட்டி வரிசையா இருக்கும். கீழ்த்தட்டில் மட்டும் பேர் இல்லாத சில கற்கள் கிடக்கும். லேபிள் உரிஞ்சு போயிருக்கும், இல்லைன்னா பெட்டி மாறியிருக்கும். வைவாவில் யாரும் அதைக் கேட்க மாட்டாங்க, அதனால நாமும் தொட மாட்டோம்.

அந்தக் கற்களில் ஒன்று ட்ரைலோபைட் ஃபாசிலா இருந்தா என்ன செய்வது? அதோட பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? எந்த நாட்டுப் பாறையில் இருந்து வந்ததுன்னு சொல்ல முடியுமா? இந்தக் கட்டுரையில் அதை ஒரு நியூமெரிக்கல் பிராப்ளம் மாதிரி, ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுப் பார்க்கலாம். கொடுத்திருப்பது என்ன, கண்டுபிடிக்க வேண்டியது என்ன, எந்த ஸ்டெப்பில் நம்ம விடை எவ்வளவு உறுதியானதுன்னு பார்ப்போம். இந்த மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். ஏன்னா லேபிள் இல்லாத கல்லை விட தப்பான லேபிள் ஒட்டிய கல் மோசமானது. லேபிள் இல்லைன்னா அடுத்து வர்றவர் சந்தேகப்படுவார். தப்பா ஒட்டியிருந்தா நம்பிடுவார்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

ட்ரைலோபைட் என்பது கடலில் வாழ்ந்து அழிந்துபோன கணுக்காலி. இறால், நண்டு, தேள், பூச்சி எல்லாம் இருக்கும் அதே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பாறைகளில் தென்பட ஆரம்பிச்சு, சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பெர்மியன் காலத்தின் முடிவில், மொத்தமா மறைஞ்சு போச்சு. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வச்சிருக்காங்க.

'மூன்று மடல்' என்பதுதான் ட்ரைலோபைட் என்ற பெயரின் பொருள். தலை, உடல், வால் என்ற மூணைத்தான் அது குறிக்குதுன்னு பலர் நினைப்பாங்க. அது இல்லை. உடலை நீளவாக்கில் பார்த்தா நடுவில் ஒரு மேடு, அதுக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என மூணு பட்டை தெரியும். பெயர் அதிலிருந்து வந்தது.

குறுக்குவாக்கிலும் மூணு பகுதி இருக்கு. தலைத்தட்டு, பல வளையங்கள் கோத்த நடுவுடல், வால் தட்டு. தலைத்தட்டின் நடுவில் புடைச்சு நிற்கும் மேட்டுக்கு கிளாபெல்லான்னு பேர். அடையாளம் காணும் வேலையில் பாதி இந்த கிளாபெல்லாவைப் பார்ப்பதிலேயே முடிஞ்சுடும்.

இதன் முதுகு ஓடு கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது. உயிரோட இருக்கும்போதே அது கல் மாதிரிதான். அதனால நல்லாவே பாறையில் தங்கியது. கூடவே நண்டு மாதிரி ஓட்டைக் கழட்டிக் கழட்டி வளர்ந்த பிராணி. ஒரே விலங்கு தன் வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுட்டுப் போயிருக்கும். நம்ம கையில் இருப்பது செத்த உடலா, கழட்டிப் போட்ட சட்டையா என்பதும் ஒரு கேள்வி. அது பின்னால் உதவும்.

கொடுக்கப்பட்டவை

நம்ம பிராப்ளத்துக்கு இப்படி ஒரு கல்லை எடுத்துக்குவோம்.

- தட்டையான சாம்பல் நிறக் கல், உள்ளங்கை அளவு. ஓரத்தில் தாள் தாளா உரியுது.
- அதன் மேல் கருப்பா ஒரு ட்ரைலோபைட். நீளம் 22 மி.மீ.
- நடுவுடலில் 13 வளையங்கள்.
- கிளாபெல்லா முன்னால் போகப் போகக் குறுகுது. தலையின் விளிம்பு வரை போகாம முன்னாடியே நின்னுடுது. அதுக்கு முன்னால் ஒரு சமதளம், அப்புறம் மெல்லிய விளிம்பு.
- கண்கள் சின்னது. லென்ஸ் வச்சுப் பார்த்தாதான் இடம் தெரியுது.
- தலையின் இரண்டு மூலையிலும் குட்டையான முள்.
- வால் தட்டு தலையை விட நல்லாவே சின்னது. ஓரம் வழவழப்பா இருக்கு, முள் இல்லை.
- கல்லின் மூலையில் சுமார் 6 மி.மீ. நீளத்தில் இன்னொரு உயிரி. தலையும் வாலும் ஒரே மாதிரி வட்டமா இருக்கு, நடுவில் இரண்டே வளையம்.

கண்டுபிடிக்க வேண்டியது: பெயர், காலம், பாறைத் தொகுதி.

ஸ்டெப் 0: எதையும் கழுவாதீங்க

கல் அழுக்கா இருக்கேன்னு பிரஷ் போட்டுத் தேய்க்கணும்னு தோணும். வேண்டாம். முதலில் ஸ்கேல் பக்கத்தில் வச்சு எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க, அடிப்பக்கம் உட்பட. பழைய பசைத் தடம், பெயிண்டில் எழுதின சின்ன எண், சுத்தி வச்ச பேப்பர், பெட்டியின் மூடியில் பென்சில் எழுத்து, இது எல்லாமே சாட்சி. கல்லில் ஒரு எண் இருந்தா லேபின் பழைய ஸ்டாக் ரெஜிஸ்டரில் தேடுங்க. அஞ்சு நிமிஷத்தில் விடை கிடைச்சா இந்தக் கட்டுரையின் மீதியே தேவையில்லை!

ஸ்டெப் 1: உண்மையான கல்லா?

ட்ரைலோபைட் உலகம் முழுக்க விற்பனையாகும் பொருள். அதனால போலிகளும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸில் மூணு விஷயத்தைப் பாருங்க.

ஒன்று, குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்த் துளைகள். அச்சில் ஊத்தின ரெசினில் அது இருக்கும், இயற்கைப் பாறையில் அப்படி உருண்டையா இருக்காது. இரண்டு, ஃபாசிலுக்கும் கல்லுக்கும் நடுவில் நிறமும் தன்மையும் மாறுதா? ரெண்டும் ஒரே கலவையா தெரிஞ்சா உஷார். மூணு, ஃபாசிலைச் சுத்தி மினுமினுக்கும் பசை வளையம் இருக்கா?

மூணாவது ரொம்ப முக்கியம். ஃபாசில் உண்மையா இருந்து, அதை வேற ஒரு கல்லில் ஒட்டியிருந்தா, அந்தக் கல் சொல்லும் சாட்சி எதுவும் செல்லாது. நாம பாறையை வச்சு ஊரைத் தேடப் போறோம். பாறையே வாடகைக்கு வந்ததுன்னா முழுக் கணக்கும் தப்பாயிடும்.

நம்ம கல்லில் குமிழ் இல்லை, பசை வளையம் இல்லைன்னு வச்சுக்குவோம். அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 2: எண்ணுங்க, அப்புறம் கழிச்சுக்கட்டுங்க

அடையாளம் காண்பது என்றால் 20,000 படத்தோட ஒப்பிடுவது இல்லை. பெரிய பெரிய கூட்டமா கழிப்பதுதான். ஷாப்பிங் ஆப்பில் ஃபில்டர் போடுற மாதிரி.

முதல் ஃபில்டர், வளையங்களின் எண்ணிக்கை.

- 2 வளையம் இருந்தா அக்னோஸ்டிட் என்ற குட்டிக் கூட்டம்.
- 8 வளையம், தலையும் வாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மேற்பரப்பு வழவழப்பு: அசாஃபஸ், ஐசோடெலஸ் குடும்பம்.
- 11 வளையம், பெரிய புடைச்ச கண்கள்: ஃபாகாப்ஸ் குடும்பம்.
- 13 வளையம்: இங்கேதான் கவனம் வேணும். கேலிமீன் வகைகளுக்கும் 13 உண்டு, எல்ராத்தியாவுக்கும் பெரும்பாலும் 13.

எண்ணிக்கை மட்டும் போதாதுன்னு இதிலேயே தெரியுது. அதனால இரண்டாவது ஃபில்டர், கிளாபெல்லாவின் வடிவம்.

ஃபாகாப்ஸில் கிளாபெல்லா முன்னால் போகப் போக அகலமாகி, தலையின் முன்விளிம்பையே முட்டி நிற்கும். தவளை மூஞ்சி மாதிரி இருக்கும். கேலிமீனில் அது மணி வடிவம், இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையா மடல்கள் பிதுங்கி இருக்கும். நம்ம கல்லில் கிளாபெல்லா குறுகிக்கிட்டே போய், விளிம்புக்கு முன்னாடியே நின்னு, நடுவில் ஒரு சமதளத்தை விட்டிருக்கு. ஃபாகாப்ஸ் அவுட். கேலிமீனும் அவுட்.

மூன்றாவது ஃபில்டர், முகத் தையல். ட்ரைலோபைட் ஓட்டைக் கழட்டும்போது தலைத்தட்டு பிரியும் கோடு இது. சட்டைத் தையல் பிரியுற மாதிரி. பல வகைகளில் இந்தக் கோடு கண்ணை ஒட்டிப் பின்னால் வந்து, தலையின் பின் ஓரத்தில் முடியும். அப்போ மூலையில் இருக்கும் முள் வெளிக்கன்னத்தோட சேர்ந்து கழண்டு போகும். ஃபாகாப்ஸில் கோடு மூலைக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியேறிடும். கேலிமீனில் சரியா மூலையிலேயே முடியும்.

நம்ம கல்லில் கோடு பின் ஓரத்தில் முடியுது, முள் வெளிக்கன்னத்தின் மேல் இருக்கு. வெளிக்கன்னங்கள் இன்னும் தலையோடு இருப்பதால் இது கழட்டிப் போட்ட ஓடா இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு கன்னமும் காணாமப் போன கற்களும் நிறைய வரும். அப்படி வந்தா "இந்த இனத்துக்கு முள்ளே இல்லை"ன்னு அவசரப்பட்டு எழுதிடாதீங்க. முள் கன்னத்தோட போயிருக்கும்.

ஸ்டெப் 3: பெயர்

குறுகும் கிளாபெல்லா, அதுக்கு முன்னால் சமதளம், சின்னக் கண், 13 வளையம், சின்ன வால் தட்டு. இது எல்லாம் சேர்ந்தா டைக்கோபேரியிட் என்ற பெரிய கூட்டத்தில் வந்து நிற்கிறோம். கேம்பிரியன் காலத்தில், அதாவது சுமார் 54 கோடியில் இருந்து 49 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல்களில் கொட்டிக் கிடந்த கூட்டம். ஒன்னுக்கொன்னு ரொம்ப ஒத்துப்போகும், அதனால ஆராய்ச்சியாளர்களுக்கே தலைவலி கொடுக்கும் கூட்டமும்கூட.

இதுக்குள்ள நம்ம கல்லோட பொருந்தும் பெயர் எல்ராத்தியா கிங்கியை. 1870-ல் ஃபீல்டிங் மீக் என்பவர் இந்த இனத்தை முதலில் விவரிச்சார், அப்போ வேற பேரினத்தில் வச்சிருந்தார். எல்ராத்தியா என்ற பேரினத்தை 1924-ல் உருவாக்கியவர் சார்ல்ஸ் வால்காட். கனடாவின் புகழ்பெற்ற பர்ஜஸ் ஷேல் ஃபாசில்களை 1909-ல் கண்டுபிடிச்ச அதே வால்காட்தான்.

ஆனா இதோட நிறுத்தக்கூடாது. இதே முகஜாடையில் இருக்கும் மற்றவங்களையும் கேட்டுடணும். உதாரணமா, செக் குடியரசின் யின்ஸ் ஃபார்மேஷனிலும் கேம்பிரியன் ட்ரைலோபைட்கள் நிறைய கிடைக்கும், அவையும் சேகரிப்புகளில் அடிக்கடி வரும். அங்கே வரும் கோனோகோரிஃபே பார்க்க ஒரு மாதிரி எல்ராத்தியா போலவே இருக்கும். ஆனா அதுக்குக் கண்ணே கிடையாது, வளையங்கள் பொதுவாக 14. நம்ம கல்லில் சின்னதா இருந்தாலும் கண் இருக்கு. அதோட யின்ஸ் ஃபாசில்கள் பெரும்பாலும் ஓடு கரைஞ்சு போன வெறும் அச்சுகள். நம்மிடம் இருப்பது தடிமனான கருப்பு ஓடு.

இந்த நிலையில் நேர்மையான விடை இது: பேரினம் எல்ராத்தியா என்பதில் நல்ல உறுதி. இனம் கிங்கியையோட ஒப்பிடத்தக்கது. ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட இடத்தில் பேரினப் பெயருக்கும் இனப் பெயருக்கும் நடுவில் 'சி.எஃப்.' என்ற சுருக்கத்தைப் போடுவாங்க. 'ஒப்பிட்டுப் பார்க்க' என்று அதுக்குப் பொருள். ரெண்டே எழுத்து, ஆனா அடுத்து படிக்கிறவருக்கு நம்ம சந்தேகத்தின் அளவு அப்படியே போய்ச் சேரும்.

ஸ்டெப் 4: பாறையைத் தனியா கேளுங்க

இந்த ஸ்டெப்பில்தான் பலர் சறுக்குவாங்க. "பெயர் எல்ராத்தியா. எல்ராத்தியான்னா வீலர் ஷேல். அதனால இந்தக் கல் வீலர் ஷேல். வீலர் ஷேல்ல இருப்பதால் இது நிச்சயம் எல்ராத்தியா கிங்கியை." கேட்க நல்லா இருக்கும். ஆனா இது வட்டத்தில் சுத்துற வாதம். பெயரை வச்சுப் பாறையை யூகிச்சுட்டு, அதே பாறையை வச்சுப் பெயரை உறுதி செய்யக்கூடாது. ஒரே சென்சார் ரீடிங்கை ரெண்டு தடவை எழுதிட்டு "ரெண்டு ரீடிங் ஒத்துப்போகுது"ன்னு சொல்ற மாதிரி அது.

அதனால ஃபாசிலை மனசில் மறைச்சுட்டு, பாறையை மட்டும் தனியா விசாரிங்க.

அமைப்பு: ஷேல் என்பது சேறு அமுங்கி இறுகிய பாறை, தாள் தாளா உரியும். அலை அடிக்கும் கரையோரத்தில் மெல்லிய சேறு தங்காது. ஆக இது அமைதியான, கொஞ்சம் ஆழமான கடலடி.

அமிலச் சோதனை: லேபில் இருக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரே ஒரு சொட்டு, கல்லின் பின்பக்க மூலையில், ஃபாசிலில் இருந்து தள்ளி. அதுவும் லேப் அசிஸ்டென்ட் அனுமதியோட. நுரைச்சா சுண்ணாம்பு கலந்திருக்கு. ஃபாசில் மேல் மட்டும் விட்டுடாதீங்க, ஓடே கால்சைட் என்பதால் அதையும் அரிச்சுடும். நம்ம கல் மெதுவா நுரைக்குதுன்னு வச்சுக்குவோம். அப்போ இது சுண்ணாம்பு கலந்த சாம்பல் நிற ஷேல்.

கூட இருக்கும் உயிரி: மூலையில் இருக்கும் 6 மி.மீ. குட்டிக்கு ரெண்டே வளையம். ஸ்டெப் 2-ன் படி அது அக்னோஸ்டிட். அந்தக் கூட்டம் கேம்பிரியனில் செழிச்சு, ஆர்டோவிசியன் முடிவுக்குள் மறைஞ்சிடுச்சு. எல்ராத்தியாவைப் பார்க்காமலேயே இந்தக் குட்டி நம்ம கல்லுக்கு ஒரு வயது வரம்பு கொடுத்திடுச்சு, அதாவது சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு மேல். இது தனி சாட்சி. அதனால இதுக்கு மதிப்பு அதிகம்.

ஓட்டின் அடிப்பக்கம்: ஃபாசிலின் ஓரம் எங்காவது உடைஞ்சிருந்தா லென்ஸில் பாருங்க. ஓட்டுக்குக் கீழே, கூம்புக்குள் கூம்பு அடுக்கினது மாதிரி வளர்ந்த கால்சைட் ஒரு தடிமனான அடுக்கா இருந்தா அது பெரிய துப்பு. வீலர் ஷேலின் எல்ராத்தியாக்களுக்கு அது நன்கு தெரிந்த அடையாளம். அந்த அடுக்குதான் ஃபாசிலைக் கெட்டியாக்கி, மழையும் வெயிலும் பட்ட ஷேலில் இருந்து ஒரு பொத்தான் மாதிரி முழுசா கழண்டு வர வைக்குது.

வடிவச் சிதைவு: இது நம்ம ஏரியா! ட்ரைலோபைட் இடம் வலம் சமச்சீரான பிராணி. உடலின் நடுக்கோடும் குறுக்கு வளையங்களும் உயிரோட இருக்கும்போது 90 டிகிரியில் இருந்தவை. பாறை மலை உருவாகும்போது அழுத்தப்பட்டிருந்தா அந்தக் கோணம் மாறியிருக்கும். எவ்வளவு டிகிரி விலகியிருக்கோ அதுவே அந்தத் திசையில் பாறை பட்ட கோண நறுக்கம். பாறைத் திரிபை அளக்க ஃபாசிலை ஸ்ட்ரெயின் கேஜ் மாதிரி பயன்படுத்துவது புவியியலில் பழகிப்போன முறை. நம்ம கல்லில் புரொட்ராக்டர் வச்சா 90 காட்டுதுன்னு எடுத்துக்குவோம். ஆக, இது பெரிசா கசங்காத பாறையில் இருந்து வந்தது.

ஸ்டெப் 5: எந்த ஃபார்மேஷன்?

ஃபார்மேஷன் என்றால், மேலும் கீழும் இருக்கும் பாறைகளில் இருந்து பிரிச்சுக் காட்டி, மேப்பில் வரையக்கூடிய அளவுக்குத் தனித்தன்மை உள்ள பாறைத் தொகுதி. அது பாறையின் பெயர், காலத்தின் பெயர் இல்லை. 'கேம்பிரியன்' என்பது தேதி, 'வீலர் ஃபார்மேஷன்' என்பது முகவரி.

இப்போ ரெண்டு வரிசை சாட்சியையும் பக்கத்தில் வைப்போம். ஃபாசில் சொல்வது: எல்ராத்தியா, பெரும்பாலும் கிங்கியை. பாறை சொல்வது: கசங்காத, சுண்ணாம்பு கலந்த சாம்பல் ஷேல், அக்னோஸ்டிட் இருக்கு. ரெண்டும் சேர்ந்து கை காட்டும் இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹவுஸ் மலைத்தொடர். டெல்டா என்ற சின்ன ஊருக்கு மேற்கே இருக்கும் வறண்ட பகுதி. அங்கே ஸ்வேசி சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே, மார்ஜம் ஃபார்மேஷனுக்குக் கீழே இருக்கிறது வீலர் ஃபார்மேஷன். 1908-ல் அதுக்குப் பெயர் வச்சவரும் வால்காட்தான். வயது சுமார் 50.5 கோடி ஆண்டுகள்.

இந்தப் பாறைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கேம்பிரியன் காலத்தின் ஒரு பிரிவான டிரமியன் எங்கே தொடங்குதுன்னு உலகம் முழுமைக்கும் ஒரே ஒரு பாறைப் புள்ளியை 2006-ல் முடிவு செய்தாங்க. அது அதே யூட்டாவில், டிரம் மலைகளில், வீலர் ஃபார்மேஷனின் அடியில் இருந்து 62 மீட்டர் உயரத்தில் இருக்கு. அந்தப் புள்ளியைக் குறிப்பதும் ஒரு அக்னோஸ்டிட் ட்ரைலோபைட்டின் முதல் வருகைதான்.

அங்கே ஏன் எல்ராத்தியா மட்டும் இவ்வளவு குவிஞ்சு கிடக்கு? 2003-ல் ராபர்ட் கெய்ன்ஸ், மேரி டிரோசர் இருவரும் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. மற்ற விலங்குகள் தாங்க முடியாத, ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்ச கடலடியின் ஓரத்தில் எல்ராத்தியா வாழக் கத்துக்கிச்சு, போட்டி இல்லாத இடத்தில் பெருகிச்சு என்பது அவங்க வாதம்.

ஸ்டெப் 6: 'வாய்ப்பு அதிகம்' வேற, 'நிச்சயம்' வேற

விடை வந்துடுச்சுன்னு பேனாவை மூடிடாதீங்க. மூணு தடைகள் இருக்கு.

முதல் தடை, பக்கத்து வீடு. எல்ராத்தியா பேரினத்தின் வேறு இனம் மேலே இருக்கும் மார்ஜம் ஃபார்மேஷனிலும் உண்டு. அதனால இனத்தை எவ்வளவு உறுதியா சொல்றோமோ, அந்த அளவுக்குத்தான் ஃபார்மேஷனையும் சொல்ல முடியும்.

இரண்டாவது, சந்தை. யூட்டாவில் எல்ராத்தியாவைக் குவாரி போட்டு எடுக்கிறாங்க. காசு கட்டினா நாமே தோண்டி எடுக்கும் இடமும் இருக்கு. உலகம் முழுக்க மியூசியம் கடைகளிலும் கல்விக் கிட்களிலும் போய்ச் சேரும் ட்ரைலோபைட்களில் இது ரொம்பப் பிரபலம். அதனால கண்ணை மூடிக்கிட்டு "வீலர்"ன்னு சொன்னாகூட சரியா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிராபபிலிட்டி பேப்பரில் படிச்ச பேயஸ் தேற்றம் ஞாபகம் இருக்கா? அதில் வரும் பிரையர் இதுதான். பிரையரைப் பயன்படுத்துவது தப்பில்லை. ஆனா அது இந்தக் கல்லில் நாம பார்த்த சாட்சி இல்லை, கடைகளைப் பற்றிய பொது அறிவு. ரெண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதக்கூடாது.

மூன்றாவது, மனிதர்கள் கற்களைச் சுமந்துக்கிட்டே திரிவாங்க. இன்றைய வியாபாரிகளுக்கு ரொம்ப முன்னாடியே, யூட்டாவின் பாஹ்வாந்த் யூட் பழங்குடி மக்கள் எல்ராத்தியாவில் துளை போட்டுத் தாயத்து மாதிரி அணிஞ்சிருக்காங்க. கல்லு வீட்டுக்குள்ள வாழும் சின்ன தண்ணிப் பூச்சி என்ற பொருளில் அதுக்குப் பெயரும் வச்சிருந்தாங்க. ஒரு ஃபாசில் கிடைச்ச இடம் வேற, அது உருவான பாறை வேற. நம்ம காலேஜ் அலமாரியில் இருப்பதால் அது நம்ம ஊர்க் கல் ஆகிடாது.

அப்போ இது இந்தியக் கல்லா இருக்க முடியாதா?

நம்ம ஊர் லேபில் ஃபாசில்னாலே பலருக்கு அரியலூர்தான் ஞாபகம் வரும். அரியலூர் பகுதியின் கடல் படிவுகள் கிரிட்டேசியஸ் காலத்தவை, ஏறத்தாழ 11 கோடியில் இருந்து 6.6 கோடி ஆண்டுகள் வரை பழமையானவை. அம்மோனைட், சிப்பி எல்லாம் அங்கே கிடைக்கும். ட்ரைலோபைட் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்னாடியே அழிஞ்சாச்சு. அரியலூர்க் கடல் உருவாகும்போது அந்த இனம் போய்ப் பத்து கோடி ஆண்டுக்கு மேல ஆச்சு. ஆக 'ட்ரைலோபைட், அரியலூர்'னு ஒரு லேபிள் பார்த்தீங்கன்னா ஒன்று பெயர் தப்பு, இல்லை ஊர் தப்பு.

இந்தியாவில் கேம்பிரியன் ட்ரைலோபைட் கிடைக்கும் இடங்கள் இமயமலைப் பக்கம் இருக்கு. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி, காஷ்மீர் எல்லாம் அதில் வரும். ஸ்பிட்டியின் கேம்பிரியன் ஃபாசில்களைப் பற்றி ரீட் என்பவர் 1910-லேயே விரிவா எழுதியிருக்கார். ஆனா இமயமலை எழும்பும்போது அந்தப் பாறைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அங்கே கிடைக்கும் ட்ரைலோபைட்கள் பல ஒரு பக்கமா இழுபட்டு, சாய்ஞ்சு இருக்கும். ஸ்டெப் 4-ல் புரொட்ராக்டர் வச்சோமே, அது இங்கே பயன்படுது. நம்ம கல்லின் 90 டிகிரியும், கெட்டியான கால்சைட் ஓடும் இமயமலைக்கு எதிரான சாட்சி. முழுசா விலக்க அது மட்டும் போதாது, ஆனா தராசு அந்தப் பக்கம் சாயலை.

ஸ்டெப் 7: லேபிள் எழுதுவது

கடைசி விடை ஒரு பெயர் இல்லை, ஒரு லேபிள். இப்படி எழுதலாம்:

மாதிரி எண்: (லேப் ரெஜிஸ்டரில் புதுசா கொடுத்தது)
பெயர்: எல்ராத்தியா சி.எஃப். கிங்கியை. வளைய எண்ணிக்கை, கிளாபெல்லா, முகத் தையல் பார்த்து முடிவு செய்தது.
கூட இருப்பது: அக்னோஸ்டிட், ஒன்று.
பாறை: சாம்பல் நிற ஷேல், அமிலத்தில் மெதுவாக நுரைக்கிறது.
காலம்: கேம்பிரியன். ஃபாசில்களில் இருந்து பெறப்பட்டது.
ஃபார்மேஷன்: வீலர் ஃபார்மேஷனாக இருக்கலாம். ஃபாசிலும் பாறையும் ஒத்துப்போவதால் யூகம்.
கிடைத்த இடம்: பதிவு இல்லை.
முடிவு செய்தவர், தேதி: உங்க பேர், இன்றைய தேதி.

'கிடைத்த இடம்: பதிவு இல்லை' என்ற வரியைப் பாருங்க. எவ்வளவு ஆசையா இருந்தாலும் அங்கே 'யூட்டா'ன்னு எழுதக்கூடாது. அந்த வரி கல்லை எடுத்தவர் மட்டுமே நிரப்பக்கூடிய வரி. எந்த அடுக்கில், எத்தனை மீட்டரில், எதோட பக்கத்தில் இருந்ததுன்னு அவருக்குத்தான் தெரியும். நாம யூகிச்சதை அந்த வரியில் போட்டா, நாளைக்கு யாரோ எல்ராத்தியா பரவல் மேப் போடும்போது நம்ம யூகம் ஒரு டேட்டா புள்ளியா போய் உட்கார்ந்துடும். அப்புறம் அதை யாராலும் பிரிச்சு எடுக்க முடியாது.

இன்னொரு விதி: எப்போதாவது பழைய லேபிள் கிடைச்சா, அது தப்புன்னு நிச்சயமா தெரிஞ்சாலும் தூக்கிப் போடாதீங்க. புது லேபிளுக்குக் கீழே அதையும் வையுங்க.

கொஞ்சம் பயிற்சி

கேள்வி 1: 11 வளையம், புடைச்ச பெரிய கண், லென்ஸ் இல்லாமலே கண்ணில் புள்ளி புள்ளியா தெரியுது, கிளாபெல்லா முன்னால் அகலம். கல் இல்லை, ஃபாசில் மட்டும் தனியா இருக்கு. என்ன சொல்லலாம்?

விடை: ஃபாகாப்ஸ் குடும்பம் வரை சொல்லலாம். ஃபார்மேஷன் சொல்லக்கூடாது. அமெரிக்காவின் ஒஹையோ, மொராக்கோ, ஜெர்மனி எனப் பல இடங்களின் டெவோனியன் பாறைகளில் இந்தக் குடும்பம் உண்டு. ஒட்டியிருக்கும் பாறைத் துணுக்கு கொஞ்சமாவது இருக்கான்னு அடிப்பக்கம் தேடுங்க.

கேள்வி 2: 8 வளையம், தலையும் வாலும் சம அளவு, வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல், பழுப்பு ஓடு.

விடை: அசாஃபஸ் பக்கம் தேடலாம், ஆர்டோவிசியன். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பகுதிச் சுண்ணாம்புக்கல்லை முதலில் ஒப்பிடலாம். ஆனா லேபிளில் 'இருக்கலாம்' கட்டாயம்.

கேள்வி 3: 13 வளையம், சுருண்டு பந்து மாதிரி இருக்கு, கிளாபெல்லாவின் ரெண்டு பக்கமும் உருண்டை மடல்கள்.

விடை: எண்ணிக்கையைப் பார்த்து எல்ராத்தியான்னு எழுதியிருந்தா மார்க் கிடையாது! மடல்களைப் பாருங்க, இது கேலிமீன் வகை.

அடுத்த முறை ஜியாலஜி லேபில் நேரம் கிடைச்சா, ஒரு கை லென்ஸும் ஸ்கேலும் எடுத்துக்கிட்டு அந்தக் கீழ்த்தட்டைத் திறங்க. முதலில் லேபிள் நல்லா இருக்கும் கற்களையும் அதன் லேபிளையும் சேர்த்து ஒரே போட்டோவில் எடுத்து வையுங்க. லேபிள் உரியுறதுக்கு முன்னாடி பத்து செகண்டில் முடியுற வேலை இது. உரிஞ்ச பிறகு மேலே பார்த்த ஏழு ஸ்டெப்பும் போடணும், அப்பவும் ஒரு வரி காலியாத்தான் இருக்கும்.